கணக்கில் வராத ஆண்கள்

(உத்தமபாளையத்தில் ஒரு வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அழைப்பிதழில் 'ஆண்களின் உடல்நலம்' என்று பூசி மெழுகிப் போட்டிருக்கிறார்கள். ஆனாலும் நான் எதைப் பேசப் போகிறேன் என்பது எப்படியோ ஊருக்குள் தெரிந்துவிட்டது போலிருக்கிறது. நாற்காலி காலியாகக் கிடக்கிறது, வாசலில் கூட்டம் நிற்கிறது. பரவாயில்லை, ஒலிபெருக்கி அங்கேயும் கேட்கும். கைப்பேசியில் பழகிப் பெண்ணைச் சந்திக்கப் போகிற ஆண்களையும், அவர்கள் உடம்பில் ஏற்றிக்கொண்டு வீடு திரும்புகிற நோய்களையும் பற்றித்தான் இன்றைய பேச்சு. நான் இந்தக் கம்பம் பள்ளத்தாக்கில் ஓர் அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்தில், அதாவது எச்.ஐ.வி. பரிசோதனை மையத்தில், ஆலோசகராக வேலை பார்த்தவன். டாக்டர் இல்லை. ஆனால் டாக்டரிடம் சொல்லாததை எங்களிடம் சொல்வார்கள்.

கொஞ்சம் பழைய கதையிலிருந்து வருகிறேன். இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்டது 1986-இல், நம் சென்னையில். சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமன், அவரிடம் மேற்படிப்பு படித்த டாக்டர் செல்லப்பன் நிர்மலா, இந்த இரண்டு பெண்களின் வேலை அது. இந்தியாவில் அந்த நோய் இருக்காது என்று பெரிய பெரிய ஆட்களே நம்பிக்கொண்டிருந்த காலம். நிர்மலா எண்பதுக்கு மேற்பட்ட ரத்த மாதிரிகளைத் திரட்டினார். பாலியல் தொழிலில் இருந்து பிடிபட்டுக் காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பெண்களிடமும் போய் எடுத்தார். வேலூர் சி.எம்.சி.யில் சோதித்தபோது ஆறு மாதிரிகளில் தொற்று தெரிந்தது. மருத்துவ வரலாற்றில் அது பெரிய காரியம். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள். கணக்கில் ஏறியவர்கள் அந்தப் பெண்கள். அவர்களைத் தேடி வந்துபோன ஆண்கள் எந்த நோட்டிலும் இல்லை. அன்றைக்குத் தொடங்கிய இந்த வழக்கம் இன்றைக்கும் பெரிதாக மாறிவிடவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

தேனிக்கு வருவோம். தொண்ணூறுகளின் கடைசியிலும் அதற்கடுத்த சில வருஷங்களிலும் எய்ட்ஸ் என்றால் நாமக்கல்லோடு சேர்த்து நம் மாவட்டத்தின் பெயரும் அடிபட்டது. அந்தக் கெட்ட பெயருக்குக் காரணம் தேடி ரொம்ப தூரம் போக வேண்டியதில்லை. போடியில் ஏலக்காய் ஏலம், கம்பத்தில் திராட்சை, சின்னமனூரில் வாழை, எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போகிற லாரி. விடிவதற்கு முன்னால் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கித் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப்பு. முறுக்குக் கம்பெனி வேலை என்று ஆந்திராவுக்கும் மகாராஷ்டிரத்துக்கும் போய் ஆறு மாதம் வீடு திரும்பாத இளவட்டங்கள். கையில் காசு, பக்கத்தில் குடும்பம் இல்லை. ஆண்டிப்பட்டியில் தொழுநோயாளிகளுக்காக வேலை செய்துகொண்டிருந்த ஆரோக்ய அகம் என்ற தொண்டு நிறுவனம் எச்.ஐ.வி. பக்கமும் கவனத்தைத் திருப்ப வேண்டி வந்தது என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளலாம்.

அதற்குத் தமிழ்நாடு செய்த வேலையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் 1994-இலேயே வந்துவிட்டது. நாட்டிலேயே முதல் சங்கம் நம்முடையது. அந்த வேலை எப்படி நடந்தது? இடத்தை வைத்து நடந்தது. எந்தப் பஸ் ஸ்டாண்டு, எந்த லாட்ஜ், எந்த லாரி ஷெட், எந்தச் சோதனைச்சாவடிக்குப் பக்கத்து டீக்கடை என்று வரைபடம் போட்டார்கள். அந்தந்த இடத்தில் பழகிய பெண்களையே களப்பணியாளர்களாக்கி ஆணுறை கொடுக்க வைத்தார்கள். உறை இல்லாமல் முடியாது என்று அந்தப் பெண்கள் பேச ஆரம்பித்தார்கள். தொற்று இறங்கியதில் அவர்களுக்கு இருக்கிற பங்கை எந்த மேடையிலும் யாரும் சொல்வதில்லை, அதனால் நான் சொல்கிறேன். பாலியல் தொழிலாளர்கள், ஆணோடு உறவுகொள்ளும் ஆண்கள், திருநங்கைகள், ஊசியில் போதை ஏற்றுகிறவர்கள், இவர்களோடு லாரி ஓட்டுநர்கள், இடம்பெயர்ந்த தொழிலாளர்கள். இதுதான் திட்டத்தின் பட்டியல். இந்தியாவில் தொற்றில் மிகப் பெரும்பங்கு ஆண் பெண் உறவு வழியாகவே பரவுகிறது. ஆனால் லாரியும் ஓட்டாமல், வெளியூரும் போகாமல், கல்யாணமாகி, சொந்த ஊரில் கடை வைத்திருக்கும் ஆண் அந்தப் பட்டியலில் எங்கே இருக்கிறான்?

ஒரே ஒருமுறை அவனைச் சுவரில் ஏற்றினார்கள். நாற்பது வயது தாண்டியவர்களுக்கு ஞாபகம் இருக்கும், 2003 வாக்கில், 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்று ஊர் ஊராகத் தட்டி வைத்தார்கள். மும்பையில் 2002-இல் பல்பீர் பாஷா என்ற பெயரில் நடந்த பிரசாரத்தின் தமிழ் வடிவம் அது. யார் இந்தப் புள்ளிராஜா என்று டீக்கடையெல்லாம் அதே பேச்சு. ராஜா என்று பெயர் வைத்த பையன்கள் பள்ளிக்கூடத்தில் பட்ட பாடு தனி. கேலிக்கூத்தாகிவிட்டது என்று அன்றைக்குப் பலர் திட்டினார்கள். நான் இன்றைக்கும் அந்தத் தட்டியை ஆதரிக்கிறேன். 'அவளிடம் போகாதே' என்று பெண்ணைக் காட்டிப் பயமுறுத்தாமல், 'நீ என்ன செய்கிறாய்' என்று ஒரு சாதாரண ஆம்பளையைக் கேட்ட விளம்பரம் அது. அதற்குப் பிறகு அப்படியொன்றை நான் பார்க்கவில்லை.

2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. ஒரு மாதத்துக்குக் கணக்குப் பார்த்துச் செலவழித்த டேட்டா ஒரு நாளைக்கே கிடைத்தது. அதற்கு முன்பும் மிஸ்டு கால் காதல் இருந்தது, தெரியாத எண்ணுக்குப் பேசிப் பேசியே சிநேகமானவர்கள் உண்டு. ஆனால் முகம் தெரியாது, பேச்சுக்குக் காசு போகும். இப்போது இரண்டும் போய்விட்டது. டேட்டிங் செயலி என்றதும் டிண்டர், சென்னை, பெங்களூரு என்று நினைத்துக்கொள்கிறோம். எங்கள் மையத்துக்கு வந்தவர்களில் அந்த மாதிரி ஆட்கள் குறைவு. ஃபேஸ்புக்கில் ஒரு 'ஹாய்', டெலிகிராம் குழு, லூடோ ஆடிக்கொண்டே பேசுகிற அரட்டை, 'மசாஜ்' என்று போட்டிருக்கும் விளம்பரம். இவைதான் இங்கே வாசல். பஸ் ஸ்டாண்டில் நின்று எதற்கும் காத்திருக்க வேண்டியதில்லை. களப்பணியாளர் பை நிறைய உறையோடு அதே பஸ் ஸ்டாண்டில் நிற்கிறார், ஆள் வரவில்லை. வரைபடத்தில் வட்டம் போட்ட இடம் காலியாகிவிட்டது. அதை வைத்து 'ஊர் திருந்திவிட்டது' என்று அறிக்கை எழுதினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். ஒரே ஆளில்லை, பலரைக் கலந்து ஒருவராக்கியிருக்கிறேன். இவர் யாரென்று கூட்டம் முடிந்து யாரும் ஆராய்ச்சி செய்ய வேண்டாம். ஜீப்பு ஓட்டுகிறவர், முப்பத்தைந்து வயதுக்குள். கல்யாணமாகி ஒரு பிள்ளை.

"நீர்க்கடுப்பு சார். மலையில இருந்து வந்ததுல இருந்து சூடு பிடிச்சுக்கிருச்சு" என்றார்.

நம் ஊரில் ஆணுக்கு அந்த இடத்தில் என்ன வந்தாலும் அது சூடுதான். நுங்கு, இளநீர், ஊறவைத்த வெந்தயம், கால் கட்டைவிரலில் சுண்ணாம்பு, எல்லாம் ஆகிவிட்டது. எரிச்சல் நிற்கவில்லை, சீழ் வேறு.

"வெளிய எங்கயும் போனியாப்பா?"

"சேச்சே. காசு குடுத்தெல்லாம் போற பழக்கம் கிடையாது சார்."

"காசு குடுக்காம?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "அது பழக்கம் சார். மூணு மாசமா போன்ல பேசுறோம். ஃபேமிலிப் பொண்ணு சார்."

"உறை போட்டியா?"

"அதெப்படி சார், அவளச் சந்தேகப்படுற மாதிரி ஆயிராதா?"

இந்தக் கடைசி வாக்கியத்தை நான் வெவ்வேறு வாயிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தேன். விவசாயி, வாத்தியார், கல்லூரிப் பையன், வட்டிக்கு விடுகிறவர், எல்லாரும் அதையேதான் சொன்னார்கள். அந்த ஜீப்பு ஓட்டுநரை முட்டாள் என்று சொல்லிவிட முடியாது. இந்தப் பாடத்தைக் கற்றுக் கொடுத்ததே எய்ட்ஸ் பிரசாரம்தான். இருபது வருஷமாக உறை என்றால் பாலியல் தொழிலாளி, பாலியல் தொழிலாளி என்றால் உறை என்று திரும்பத் திரும்பச் சொன்னோம். காசு கைமாறினால் ஆபத்து என்று மனதில் பதிந்தது. கூடவே, காசு கைமாறாவிட்டால் ஆபத்தில்லை என்றும் பதிந்துவிட்டது. மூன்று மாதம் 'குட் மார்னிங்' அனுப்பியவளை அந்நியமாக நினைக்க மனசு வராது. சாப்பிட்டியா, தூங்கினியா, பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதா என்று கேட்டவள் அவள். நேரில் பார்ப்பது முதல்தடவை, ஆனால் பழகிய கணக்கில் சேர்ந்துவிட்டாள். அந்தப் பெண்ணுக்கும் அதே கதைதான். 'குடும்பஸ்தர், மரியாதையானவர்' என்று அவளும் இவரைப் பரிசோதனை இல்லாமலே பாஸ் போட்டுவிடுகிறாள். இருவரும் ஒருவரையொருவர் நம்புகிறார்கள். அவளுக்கு முன்பு யார், இவருக்கு முன்பு யார் என்பது உரையாடலில் வருவதே இல்லை. சிபிலிஸ் கிருமி உள்ளே போய்ப் புண்ணாக வெளிப்பட மூன்று வாரம் ஆகலாம், மூன்று மாதம்கூட ஆகலாம். அதுவரை ஆள் நன்றாகத்தான் இருப்பார். எச்.ஐ.வி.யோ வருஷக்கணக்கில் முகத்தில் தெரியாது.

அப்படியானால் போன்தான் குற்றவாளியா? இதில் நான் கொஞ்சம் நிதானமாகப் பேச விரும்புகிறேன். அமெரிக்காவில் டென்வர் நகரத்து எச்.ஐ.வி. பரிசோதனை மையத்தில் 1999-2000-இலேயே இதை விசாரித்தார்கள். ஸ்மார்ட்போன் வராத காலம், மேஜைக் கணினியில் சாட் ரூம். 856 பேரைக் கேட்டதில் ஏறத்தாழ 16 சதவீதம் பேர் இணையத்தில் துணை தேடியதாகச் சொன்னார்கள். அப்படித் தேடியவர்களுக்கு ஏற்கெனவே பால்வினை நோய் வந்துபோன வரலாறும் மற்றவர்களைவிட அதிகம் இருந்தது. உடனே இணையமே நோய்க்களம் என்று எழுதத் தொடங்கினார்கள். அதே டென்வரில் பால்வினை நோய் மருத்துவமனைக்கு வந்தவர்களை வைத்துப் பின்னால், 2009-இல் வெளிவந்த ஆய்வு வேறு மாதிரி சொன்னது. இணையத்தில் துணை தேடியவர்களுக்கும் தேடாதவர்களுக்கும் தொற்றில் அப்படியொன்றும் வித்தியாசம் தெரியவில்லை. ஒரு நகரத்து மருத்துவமனைக் கணக்கை அப்படியே கம்பத்துக்குக் கொண்டுவர முடியாது என்றாலும், என் அனுபவம் இந்த இரண்டாவது ஆய்வின் பக்கம்தான் சாய்கிறது. எங்கே சந்தித்தார்கள் என்பது நோயைத் தீர்மானிப்பதில்லை. எத்தனை பேர், ஒரே காலத்தில் எத்தனை பேர், உறை உண்டா, எரிச்சல் கண்டதும் எங்கே போனார், இவைதான் தீர்மானிக்கின்றன. ஆகவே இந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய் மகளின் போனைப் பிடுங்கலாம் என்று நினைத்துக்கொண்டிருக்கும் அப்பாக்களுக்குச் சொல்கிறேன்: பேச்சு உங்களைப் பற்றியது.

போன் உண்மையிலேயே கெடுத்தது வேறொன்றை. பால்வினை நோயில் ஒருவருக்கு மருந்து கொடுத்தால் போதாது, அவரோடு இருந்தவருக்கும் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த மாதம் அவரே திரும்பி வருவார். முன்பெல்லாம் கையில் ஒரு சீட்டுக் கொடுத்து அனுப்புவோம், அவங்ககிட்டக் குடுத்து வரச்சொல்லு என்று. அந்த லாட்ஜ் தெரியும், அந்தப் பெண்ணைத் தெரிந்த களப்பணியாளர் இருப்பார், எப்படியாவது போய்ச் சேரும். இப்போது கேட்டால், "பேரு தெரியாது சார், ரோஜாப்பூ படம் வச்சிருக்கும். பிளாக் பண்ணிருச்சு." சீட்டை யாரிடம் கொடுப்பது? சான் பிரான்சிஸ்கோவில் 1999-இல் ஒரு சாட் ரூமைச் சுற்றிச் சிபிலிஸ் பரவியபோது இதே சிக்கல் வந்தது. அது ஆணோடு ஆண் பழகிய வட்டம். நோயாளிகளுக்குத் தெரிந்ததெல்லாம் சாட் ரூம் புனைபெயர்கள். நகரச் சுகாதாரத் துறை, இணையதளம் நடத்தும் ஒரு நிறுவனத்தின் துணையோடு அந்த அறைக்குள்ளேயே எச்சரிக்கையைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. கால் நூற்றாண்டுக்கு முன்பே ஒரு நகராட்சி அதைச் செய்தது. நம் செயலிக் கம்பெனிகள் ஆடித் தள்ளுபடிக்குக் குறுஞ்செய்தி அனுப்புகின்றன, இதற்கு அனுப்ப முடியாதா என்ன?

சரி, எரிச்சல் கண்டவர் எங்கே போகிறார்? சின்னமனூர்க்காரர் சின்னமனூர் ஆஸ்பத்திரிக்கு வர மாட்டார். சீட்டுப் போடுகிற இடத்தில் சித்தி மகன் இருப்பான். மருந்துக்கடைக்குப் போய் 'யூரின் இன்ஃபெக்ஷன்' என்று நாலு நாளைக்கு மாத்திரை வாங்குவார். எரிச்சல் அடங்கும், கிருமி அடங்காது. வெட்டை நோய்க் கிருமிக்கு ஒரு காலத்தில் வேலை செய்த மாத்திரைகள் பல இன்று வேலை செய்வதில்லை. அரைகுறையாகத் தின்றதும் அதற்கு ஒரு காரணம். இன்னும் கொஞ்சம் வசதியுள்ளவர், மாதம் ஒருமுறை லாட்ஜில் முகாம் போடும் 'பரம்பரை' வைத்தியரிடம் போவார். அங்கே லேகியம் வரும், பில் வரும். சிபிலிஸ் விஷயத்தில் இந்த வைத்தியருக்கு அதிர்ஷ்டம் அதிகம், ஏனென்றால் அந்தப் புண் வலிக்காது, மருந்தே இல்லாவிட்டாலும் சில வாரத்தில் தானாக ஆறிவிடும். லேகியம் பேர் வாங்கிக்கொள்ளும். கிருமி ரத்தத்தில் இருக்கும், சில மாதம் கழித்து உடம்பெல்லாம் தடிப்பாக வரும், அதுவும் போகும். பென்சிலின் ஊசி போட்டால் தீர்ந்துபோகிற நோய் அது. அரசு மருத்துவமனையில் இதற்கென்றே சுகவாழ்வு மையம் இருக்கிறது. மருந்தை நிறம் பிரித்துப் பையில் போட்டு இலவசமாகக் கொடுக்கிறார்கள். சீழ் வடிதலுக்குச் சாம்பல் நிறப் பை. அசித்ரோமைசினும் செஃபிக்சிமும் ஒரே வேளையில் விழுங்கிவிட்டுப் போகலாம். நாலு நாள் மாத்திரைக்குக் கொடுக்கிற காசுகூட ஆகாது.

மிரட்டிப் பணம் பறிப்பதையும் சொல்லாமல் விட முடியாது. வீடியோ காலில் படம் பிடித்து, வீட்டுக்கு அனுப்புவேன் என்பார்கள். நேரில் வரச்சொல்லி நாலு பேர் நின்று செயினைக் கழற்றுவார்கள். சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழைத்துப் புகார் கொடுக்கலாம். எனக்குக் கவலை என்னவென்றால், ஒருமுறை அப்படி மாட்டியவர் அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிப் பக்கமே வருவதில்லை. பெயர், எண், முகவரி கேட்கிற எந்த இடமும் அவருக்கு இன்னொரு பொறியாகத் தெரிகிறது. நம்பிக்கை மையத்தில் சொல்வது வெளியே போகாது. 2018-இல் அமலுக்கு வந்த எச்.ஐ.வி. சட்டம் அதற்கு உத்தரவாதம். சம்மதமில்லாமல் பரிசோதனை கிடையாது, முடிவை முதலாளியிடமோ அண்ணனிடமோ சொல்ல முடியாது. மனைவிக்கோ துணைக்கோ ஆபத்து இருக்கிறது, இவரும் சொல்ல மறுக்கிறார் என்றால் மட்டும், பேசிப் பார்த்த பிறகு டாக்டர் அவர்களுக்குத் தெரிவிக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது.

மனைவி என்றதும் நான் சொல்ல வந்த இடத்துக்கு வந்துவிட்டேன்.

நம் மாவட்டத்தில் ஒரு ஆண் எப்படிக் கண்டுபிடிக்கப்படுகிறான்? பல நேரம் அவன் மனைவி கர்ப்பமாகும்போது. கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி., சிபிலிஸ், மஞ்சள் காமாலை பி என்று எல்லாம் பார்க்கிறார்கள். நல்ல ஏற்பாடு, பிள்ளைக்குத் தொற்றாமல் தடுக்க முடிகிறது. ஆனால் வீட்டில் முதலில் தெரிவது யாருடைய ரிப்போர்ட்? அவளுடையது. 'இவ எங்க போய் வாங்கிட்டு வந்தா?' என்ற கேள்வியும் அவளுக்குத்தான் வரும். சென்னையில் சுனிதி சாலமன் தொடங்கிய ஒய்.ஆர்.ஜி. கேர் மையத்துக்கு வந்த, எச்.ஐ.வி. உள்ள 134 பெண்களைப் பற்றி 2000-இல் ஒரு கட்டுரை வெளிவந்தது. அவர்களில் பெரும்பாலோர் இல்லத்தரசிகள். பத்தில் ஏறத்தாழ ஒன்பது பேருக்குக் கணவனைத் தவிர வேறு ஆள் தெரியாது. நாமக்கல் பகுதியிலிருந்து வந்த கௌசல்யா பெரியசாமி, கணவர் வழியாகத் தொற்றிய தன் கதையை மறைக்காமல் மேடையில் சொன்னவர். எச்.ஐ.வி.யோடு வாழும் பெண்களுக்கென்று 1998-இல் தொடங்கிய கூட்டமைப்பு அவர் முன்நின்று உருவாக்கியது. தாலிக்குள் வந்து சேரும் நோய் என்று கால் நூற்றாண்டுக்கு முன்பே தெரிந்துவிட்டது. லாரி ஓட்டுநர் இடத்தில் இன்று லூடோ ஆடுகிறவர் இருக்கிறார், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆகவே ஒன்று கேட்கிறேன், மாவட்டச் சுகாதாரத் துறையைச் சேர்ந்தவர்கள் இங்கே யாராவது இருந்தால் எடுத்துச் செல்லுங்கள். கர்ப்பிணி முதல் தடவை வரும்போதே கணவனின் ரத்தத்தையும் கேளுங்கள். சம்மதித்துக் கொடுக்கட்டும், கட்டாயம் வேண்டாம். ஆனால் கேட்பதை வழக்கமாக்குங்கள். 'அவரு எஸ்டேட்ல இருக்காரு' என்பார்கள். பகலில் வர முடியாதவருக்காக வாரத்தில் ஒரு மாலை நம்பிக்கை மையம் திறந்திருக்கட்டும். மலைக்கு ஆள் ஏற்றும் ஜீப்பு ஸ்டாண்டில், விடிவதற்கு முன்னால், ஒரு மேஜை போட்டாலும் போதும். மாமியார்கள் மருமகளை அழைத்துக்கொண்டு செக்கப்புக்கு வருகிறீர்களே, மகனையும் அழைத்து வாருங்கள். அவனுக்கு ஊசி என்றால் பயம் என்று என்னிடம் சொல்லாதீர்கள்.

வாசலில் நிற்கிற தம்பிகளுக்கு, வேகமாகச் சொல்லிவிடுகிறேன், குறித்துக்கொள்ளுங்கள். பழகியவளாக இருந்தாலும் உறை. உறை கிழிந்தது, அல்லது போடவே இல்லை, எதிராளிக்கு எச்.ஐ.வி. இருக்கலாம் என்று சந்தேகம் என்றால் 72 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குப் போய் டாக்டரைப் பார்க்க வேண்டும். தடுப்பு மருந்து 28 நாள் சாப்பிடச் சொன்னால் நடுவில் நிறுத்தக் கூடாது. எவ்வளவு சீக்கிரம் போகிறோமோ அவ்வளவு நல்லது. ஒரு வாரம் கழித்துப் போனால் அந்த மருந்தால் பயனில்லை. மறுநாளே ரத்தம் கொடுத்து 'நெகட்டிவ்' என்று பார்ட்டி வைக்காதீர்கள். மூன்று மாதம் கழித்து இன்னொருமுறை பார்க்க வேண்டும். தொற்று இருப்பது தெரிந்தால், 2004-இலிருந்து கூட்டு மருந்து இலவசம். க.விலக்கு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கேட்டால் வழி சொல்வார்கள். ஒழுங்காகச் சாப்பிட்டு ரத்தத்தில் கிருமி அளவு கண்டறிய முடியாத நிலைக்கு இறங்கி, அது அப்படியே நீடித்தால், உறவின் வழியாகத் துணைக்குத் தொற்றாது. கல்யாணம் பண்ணலாம், தொற்றில்லாத பிள்ளை பெறலாம். போனிலேயே பேச வேண்டும் என்றால் 1097, காசில்லாத எண், பெயர் சொல்லத் தேவையில்லை.

கேள்விகளைக் கைதூக்கிக் கேட்க மாட்டீர்கள் என்று தெரியும். நூலகர் ஐயா வெள்ளைத்தாளைக் கிழித்து வைத்திருக்கிறார், ஒரு அட்டைப்பெட்டியும் இருக்கிறது. பெயர் எழுத வேண்டாம். நண்பருக்காகக் கேட்கிறேன் என்றும் எழுத வேண்டாம், அது தாளுக்குத்தான் நஷ்டம். பெட்டியை முதலில் வாசல் பக்கம் கொண்டுபோங்கள்.